ஜூலை எனக்கு

பில்லியர்ட்ஸ் கூடத்தை மூடியபோது
நான்கு மேசைகள், ஆளுக்கு இரண்டு.
கோல்களை எண்ணிப் பிரித்தோம்.
ஒற்றையாய் எஞ்சியதை
எலாடியோ முழங்காலில் வைத்து ஒடித்தான்.
பிரிக்க முடியாமல் நின்றது
அரிசி வியாபாரி கடனுக்கு ஈடாய் விட்டுப்போன
ஜெனீவாத் தங்கக் கடிகாரம் மட்டும்.
ஜனவரி தொடங்கி அவருக்கு,
ஜூலை தொடங்கி உங்களுக்கு என்று
நோட்டரி எச்சவெரி அம்மாள் முத்திரை குத்தினாள்.
எங்கள் நாட்டில் ஜனவரிதான் கோடை.
கோடை அவனுக்குப் போயிற்று.

ஜூலை ஒன்று. பைசாந்தூ முழுக்க ஆற்றுக்காற்று,
கதவிடுக்கில் சீட்டியடிக்கிறது.
பழுப்பு உறைக்குள் ஓடாமல் கிடந்தது,
நான்கு முப்பத்தேழில்.
நான்கு முப்பத்தேழுக்கு
யாரும் சாகவில்லை, எதுவும் நடக்கவில்லை.
சாவி தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

குமிழைத் திருகினேன், துடிப்பு வந்தது.
குமிழை இழுத்தேன், வரவில்லை.
நகத்தால் நெம்பினேன்.
வெட்கம்தான், ஒருமுறை பல்லாலும்.
துடிக்கிறது, ஓடுகிறது,
முள்ளை வைக்க மட்டும் விடமாட்டேன் என்கிறது
குத்துக்கல் மாதிரி.

மூன்று வருஷமாய்ச் சுழற்றாத எண்.
விரலுக்கு மறக்கவில்லை.

"இழுக்கிறாயா?"
நலமா என்றுகூடக் கேட்கவில்லை.
"இழுக்கிறேன்."
"பிய்த்துவிடுவாய். விடு.
குமிழுக்கு வலப்பக்கம் பார்,
கொசுத்தலை அளவுக்கு ஒரு முனை."
இருந்தது.
அத்தனை முறை தடவியும்
அழகுக்கு வைத்தது என்றே நினைத்திருந்தேன்.
"அதை நகத்தால் அமுக்கு.
அமுக்கியபடியே குமிழைத் திருகு.
நகத்தை எடுத்தால் சாவிதான் ஏறும்,
முள் உன் பேச்சைக் கேட்காது."

இரண்டு கையும் வேண்டியிருந்தது.
ரிசீவரைத் தோளால் காதோடு அழுத்திக்கொண்டேன்.
முள் அசைந்தது,
வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல.
"என் சுவரில் ஒன்பது இருபது" என்றான்.
நான் இருபத்திரண்டுக்குப் போய்விட்டேன்.
"கொஞ்சம் பின்னால் திருப்பட்டுமா?"
"கூடாது என்றில்லை. எனக்குப் பிடிக்காது."
"இப்போது இது என் கடிகாரம்."
"டிசம்பர் வரைக்கும்."

ஆகவே முன்னால், முழுச் சுற்று.
பன்னிரண்டு மணிநேரம் கட்டைவிரலின் கீழ்
மெல்லப் போனது.
பத்து: முதல் பந்து மோதும்.
ஒன்று: இறைச்சித் தொழிற்சாலை ஆட்கள் வந்து
கைகழுவாமலே கோலை எடுப்பார்கள்.
மூன்று: நீலச் சாக்குத்தூளை நான் கூட்ட,
அவன் கல்லாவை எண்ணுவான்.
அந்தக் கணக்கைக் கேட்பதற்கு
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில்
இடம் இருந்தது.
அவனும் அங்கே மூச்சை நிறுத்தியதுபோல் இருந்தது.
ஐந்து. ஆறு.

"இந்த விநாடி முள் நிற்கவே இல்லையே?"
"அது நிற்காது. நிமிடம்வரைதான் உன் அதிகாரம்.
எங்கே இருக்கிறாய்?"
"எட்டு."
"மெதுவாக."
ஒன்பது. ஒன்பது பத்து.
ஒன்பது இருபத்தாறில் நிறுத்தினேன்.
அவன் சுவரிலும் இருபத்தாறு.
"நகத்தை எடு" என்றான். எடுத்தேன்.
நகத்தின் சதையில் ஒரு சிவப்புக் குழி.

"வாரத்துக்குப் பத்து நிமிடம் முந்தும்.
ஞாயிறுதோறும் வைக்கவேண்டும்."
"இனி எனக்கே தெரியும்."
"ஆமாம்" என்றான். "தெரியும்."
யார் முதலில் வைத்தது என்று நினைவில்லை.

ஞாயிறு. பதினொரு நிமிடம் முந்தியிருந்தது.
முனை எங்கே என்று விரலுக்குத் தெரியும்.
வானொலி பக்கத்திலேயே பாடிக்கொண்டிருந்தது.
அதை அணைத்துவிட்டு எண்ணைச் சுழற்றினேன்.
அவன் மனைவி எடுத்தாள்.
எலாடியோ ஆற்றுக்குப் போயிருக்கிறானாம்,
மீன் கிடைத்தால் இருட்டித்தான் வருவானாம்.
மணி என்ன என்று கேட்டேன்.
"இதற்கா கூப்பிட்டாய்?"
ஆமாம் என்றேன்.
எட்டிப் பார்த்துச் சொன்னாள்.